அந்த மாத்திரைய கேட்டீயல்லா, மொதல்ல உங்க மாத்திரை டப்பாவ திறங்க

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வயசு 44, வாழை போட்டிருக்காரு, கூட ஒரு உரக்கடை. ஏழு வருசமா சுகர், மூணு வருசமா பிபி மாத்திரை. எட்டு மாசமா எழுச்சி வருது ஆனா நிக்க மாட்டேங்குது, பாதியிலேயே தொவண்டு போயிருது, இப்பல்லாம் வீட்டுக்காரி பக்கத்துல படுக்கவே பயமா இருக்குன்னு எழுதியிருக்காரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜ்ல மாசத்துக்கு ஒருநாள் ரூம் போட்டு உக்காருத பரம்பரை வைத்தியர போய் பாத்திருக்காரு, அவரு நாடி பிடிச்சி "இது நரம்புத்தளர்ச்சி, சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்திருக்கு"ன்னு சொல்லி மூணு மாச கோர்ஸுக்கு 18,000 ரூபா கேட்டிருக்காரு. இன்னொரு பக்கம் கூட்டாளி ஒருத்தன் 100 எம்ஜி மாத்திரை ஒண்ண கையில குடுத்து "இத போடு மாப்ள, அப்புறம் பாரு"ன்னு சொல்லியிருக்கான். எத போடட்டும் அண்ணாச்சி, ஹார்ட்டுக்கு கேடு வருமா, இதான் கேள்வி.

நான் டாக்டர் இல்ல தம்பி, பார்மசிஸ்ட். பாளையங்கோட்டைல 27 வருசமா மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கேன். இந்த ஒரு மாத்திரைய கேட்டு வாறவங்கள தூரத்துல வரும்போதே எனக்கு தெரியும். கடைக்கு எதுத்தாப்புல வண்டிய நிறுத்திட்டு கூட்டம் குறையுத வரைக்கும் போனையே பாத்துட்டு நிப்பாங்க, உள்ள வந்ததும் பாராசிட்டமால் ஒரு அட்டை, விக்ஸ் ஒண்ணுன்னு வாங்குவாங்க, காசு குடுத்து மிச்சத்தையும் வாங்கிட்டு, திரும்பி போற மாதிரி போயிட்டு, "அண்ணாச்சி, அது ஒண்ணு..."ன்னு இழுப்பாங்க. இருவது வயசு பையன்ல இருந்து பேரன் எடுத்த தாத்தா வரைக்கும் எல்லாரும் இப்படித்தான். அதனால மொத விசயம், இது உங்களுக்கு மட்டும் வந்த அவமானம் கிடையாது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 40 வயசுல இருந்து 70 வயசு வரை உள்ள ஆம்பளைங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 1994ல வெளியிட்டாங்க, அதுல பாதிக்கு மேல, 52 சதவீதம் பேருக்கு கொஞ்சமோ நெறையவோ இந்த பிரச்சனை இருந்துச்சு. சுகர் உள்ளவங்கள்லயும் பாதிக்குப் பாதி பேருக்கு வருது, அதுவும் மத்தவங்கள விட பத்து வருசம் முன்னாடியே வந்துருது. ஒங்க கணக்கு சரியா அதுக்குள்ள தான் இருக்கு.

எழுச்சின்னா என்னன்னு புரிஞ்சாத்தான் மாத்திரை என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு புரியும். நீங்க கன்னடியன் கால்வாய் பாசனம் பாத்த ஆளு, அதனால உங்க பாஷையிலேயே சொல்லுதேன். ஆணுறுப்புக்குள்ள எலும்பும் கிடையாது, அதுவா வெறைச்சு நிக்கக்கூடிய தசையும் கிடையாது, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு நீள பஞ்சுக் குழாய் இருக்கு. சாதாரணமா அதுக்கு போற ரத்தக்குழாய் மடை பாதி அடைச்ச மாதிரி சுருங்கித்தான் இருக்கும். மனசுல ஆசை வந்தா மூளையில இருந்து முதுகுத்தண்டு வழியா நரம்புல சேதி போகும், அந்த நரம்பு நுனியிலயும் ரத்தக்குழாய் உள்சுவர்லயும் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு சுரக்கும், அது சைக்ளிக் ஜிஎம்பின்னு ஒரு பொருள உண்டாக்கும், அதுதான் போய் மடைய தொறக்குத ஆளு. தசை தளர்ந்து ரத்தம் கொடகொடன்னு உள்ள பாயும், பஞ்சு உப்பும், உப்பினதுல வெளிய போற சின்ன சின்ன சிரைங்க நசுங்கி அடைபட்டுரும். வாறது வந்துட்டே இருக்கு, போற வழி அடைச்சாச்சு, அதான் விறைப்பு. வேலை முடிஞ்சதும் பிடிஇ-5ன்னு ஒரு நொதி வந்து அந்த சைக்ளிக் ஜிஎம்பிய கலைச்சி விட்டுரும், மடை மூடிரும்.

சில்டனாபில், டடாலாபில்னு நீங்க கேக்குத மாத்திரை எல்லாம் செய்யுத ஒரே வேலை, அந்த மடை மூட வாற ஆளோட கைய கொஞ்ச நேரம் புடிச்சு வைக்கிறது, அம்புட்டுதான். அணையில தண்ணியே தொறக்கலன்னா மடைய தொறந்து வச்சு என்ன பிரயோஜனம். ஆசை வரணும், தொடணும், பேசணும், சேதி நரம்புல போகணும். மாத்திரைய போட்டுட்டு டிவிய பாத்துட்டு படுத்திருந்தா ஒண்ணும் நடக்காது. "போட்டேன் அண்ணாச்சி, கேக்கல"ன்னு வாறவங்கள்ல பாதி பேர் இந்த கேஸு தான்.

இதுல ஒரு வேடிக்கை, இந்த மருந்த இதுக்காக யாரும் தேடல. இங்கிலாந்துல பைசர் கம்பெனி நெஞ்சுவலிக்குன்னு சோதிச்சுட்டு இருந்தது, நெஞ்சுவலிக்கு சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஆனா சோதனைக்கு வந்த ஆம்பளைங்க வேற ஒரு பலன சொல்ல ஆரம்பிச்சாங்க. 1998 மார்ச்ல அமெரிக்காவுல வயாகரான்னு அனுமதி கெடச்சுது. அந்த நைட்ரிக் ஆக்சைடு ஒடம்புக்குள்ள சேதி சொல்லுதுன்னு கண்டுபிடிச்ச பர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் நோபல் பரிசு குடுத்ததும் அதே 1998ல தான்.

இன்னொண்ணு, இது சிரிப்பு மருந்தும் கிடையாது. நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் கூடுத நோய்க்கும் இதே சில்டனாபில் தான். ஒருநாள் கைக்குழந்தைய தோள்ல போட்டுட்டு ஒரு பொண்ணு சீட்ட நீட்டுச்சு, என் கடையில புதுசா சேந்த பையன் மருந்து பேர படிச்சுட்டு ஒரு மாதிரி சிரிச்சான். அந்த புள்ளைக்கு இதயத்துல பிறவிக் கோளாறு, நுரையீரல் அழுத்தத்துக்கு பொடி பண்ணி அளந்து குடுக்க டாக்டர் எழுதினது அது. அன்னிக்கு கடை சாத்தினதும் அவன உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசினேன்.

சரி, உங்களுக்கு ஏன் வந்துச்சு. மேல சொன்ன வழியில எங்க ஓட்டை விழுந்தாலும் எழுச்சி போகும். உங்க வயசுல சுகரோட வரும்போது பெரும்பாலும் ரத்தக்குழாயும் நரம்பும் தான். சுகர் கட்டுக்குள்ள இல்லாம ஓடுச்சுன்னா ரத்தக்குழாய் உள்சுவர அரிக்கும், அந்த உள்சுவர் தானே நைட்ரிக் ஆக்சைட சுரக்கணும், அதுவும் குறையும், கூடவே நரம்பு நுனியும் மரத்துப் போகும். கால் பாதம் எரியுது, செருப்பு நழுவுனா தெரியலன்னு சொல்லுதாங்கல்லா, அதே நரம்பு சேதம் தான் இங்கயும். ஏழு வருச சுகர்ன்னு எழுதினீய, மூணு மாச சராசரி எவ்வளவுன்னு எழுதல. அதான் நான் மொதல்ல கேக்குத நம்பர்.

இதுல ஒரு விசயத்த கொஞ்சம் நிதானமா படிங்க. ஆணுறுப்புக்கு போற தமனி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தான் இருக்கும், இதயத்துக்கு போறது மூணு நாலு மில்லிமீட்டர். கொழுப்பும் சுண்ணாம்பும் படியுதது ஒடம்பு முழுக்க ஒண்ணா தான் படியுது, ஆனா சின்ன வாய்க்கால் தான மொதல்ல தூந்து போகும். அதனால எழுச்சி கொறைஞ்சு ரெண்டு வருசம் மூணு வருசம் கழிச்சு, சில பேருக்கு அஞ்சு வருசம் கழிச்சு, நெஞ்சுவலி வருது. டாக்டர்ங்க இத ஒரு முன்னறிவிப்பாவே எடுத்துக்கிறாங்க. அதுவும் 40, 50 வயசு ஆளுக்கு சுகர், பிபி, பீடி இதுல ரெண்டு இருந்து எழுச்சி போச்சுன்னா, இதயத்த பாக்காம எழுச்சி மாத்திரைய மட்டும் எழுதுத டாக்டர்கிட்ட நான் போக மாட்டேன். லாட்ஜ் கோர்ஸுல என் கோவமே இதான். 18,000 ரூபா போச்சுன்னா வாழைத்தாரு விலை ஏறும்போது சம்பாதிச்சுக்கலாம், ஆனா அந்த மூணு மாசம் ஒடம்பு குடுத்த அறிவிப்ப பொடியப் போட்டு மூடி வச்ச மாதிரி ஆயிரும்.

பீடின்னு சொன்னதும் நம்ம ஊருக்கு சொல்ல வேண்டியதில்ல. ஆலங்குளம் முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு சுத்துதாங்க, சுத்துதவங்க பொம்பளைங்க, இழுக்கிறவங்க நாம. பீடிக்கு பில்டரும் கிடையாது, "சிகரெட் இல்ல அண்ணாச்சி, பீடி தான்"ன்னு சொல்லுததுல ஒரு ஆறுதலும் வேண்டாம், புகையிலை ரத்தக்குழாய சுருக்குததுல ரெண்டும் ஒண்ணுதான். சாராயம் கொஞ்சமா போனா கூச்சம் போகும், நெறைய போனா நரம்பே தூங்கிரும், வருசக்கணக்கா குடிச்சா ஈரலும் ஹார்மோனும் சேந்து போகும்.

அடுத்தது நீங்க தின்னுட்டு இருக்குத மாத்திரைங்க. பிபி மாத்திரைல பழைய பீட்டா பிளாக்கர், அட்டினலால், புரோபிரனலால் மாதிரி, அப்புறம் நீர் போக வைக்குத தயசைடு வகை, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இதெல்லாம் சில பேருக்கு எழுச்சிய குறைக்கும். மனச்சோர்வுக்கு குடுக்குத மாத்திரைங்க, மனநோய் மாத்திரைங்க, தலைமுடிக்கு ப்ராஸ்டேட்டுக்குன்னு போடுத பினாஸ்டரைடு, ஸ்பைரனோலாக்டோன், இதுங்களும் அந்த வரிசை தான். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் வகை பெரும்பாலும் தொல்ல பண்ணாது. பீட்டா பிளாக்கர் தான் வேணும்னா நெபிவலால்னு ஒண்ணு இருக்கு, அது இந்த விசயத்துல தேவலாம். ஆனா இத படிச்சுட்டு நாளைக்கு காலைல பிபி மாத்திரைய நிறுத்திராதீய, அட்டினலால திடீர்னு நிறுத்துனா நெஞ்சுவலியே வரலாம். எழுதின டாக்டர்கிட்ட "எனக்கு இந்த தொல்ல இருக்கு, மாத்தி குடுக்க முடியுமா"ன்னு கேட்டா போதும், மாத்துததுக்கு வழி இருக்கு.

மாத்திரைய பத்தி சொல்லிட்டு இதையும் சொல்லலன்னா பாவம். 2003ல இத்தாலியில புதுசா இதயநோய் கண்டுபிடிச்ச ஆளுங்க 96 பேருக்கு அட்டினலால் குடுத்தாங்க, 32 பேரா மூணு கூட்டம். மொத கூட்டத்துக்கு என்ன மருந்துன்னே சொல்லல, ரெண்டாவதுக்கு பேர் மட்டும் சொன்னாங்க, மூணாவதுக்கு "இது எழுச்சிய குறைக்கலாம், ஆனா அடிக்கடி நடக்காது"ன்னும் சொன்னாங்க. மூணு மாசம் கழிச்சு பாத்தா மொத கூட்டத்துல ஒருத்தருக்கு, ரெண்டாவதுல அஞ்சு பேருக்கு, மூணாவதுல பத்து பேருக்கு எழுச்சி போச்சு. ஒரே மருந்து, ஒரே அளவு, வித்தியாசம் மனசுல விழுந்த சேதி மட்டும் தான். அப்படி போனவங்களுக்கு சில்டனாபில் குடுத்தாலும் வெத்து மாத்திரை குடுத்தாலும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சரியாச்சு. மேல உள்ள பத்திய எழுதும்போதே நான் யாருக்காவது கெடுதல் பண்ணுதேனோன்னு ஒரு சங்கடம் இருந்துச்சு, பரவால்ல, தெரிஞ்சுக்கிட்டே இருங்க.

மனசுன்னு வரும்போது நீங்களே வீட்டுல பாக்கக்கூடிய ஒரு அடையாளம் இருக்கு. நல்ல ஒடம்பு உள்ள ஆம்பளைக்கு தூக்கத்துல ராத்திரி மூணு தடவ அஞ்சு தடவ எழுச்சி தானா வந்து போகும், விடியக்காலம் முழிக்கும்போது தெரியுதது அதுல கடைசி. அது பழைய மாதிரி நல்லா வருது, தனியா இருக்கும்போது வருது, வீட்டுக்காரி பக்கத்துல மட்டும் போயிருதுன்னா குழாய் நல்லா இருக்கு, பயம் தான் மடைய மூடுது. பயந்தா அட்ரினலின் ஊறும், அட்ரினலினுக்கு ரத்தக்குழாய சுருக்குதது தான் வேலை. ஒருநாள் தவறுனா அடுத்த நாள் "இன்னிக்கும் போயிருமோ"ன்னு பாத்துட்டே படுக்குறது, அந்த பாக்குறதே போதும் போறதுக்கு. திடீர்னு ஒருநாள்ல இருந்து வந்தது, கல்யாணம் ஆன புதுசுல வந்தது, கடன் தொல்லைல வந்தது, இதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. விடியக்காலமும் வரல, எப்பவுமே வரல, கொஞ்சங்கொஞ்சமா மாசக்கணக்குல கொறைஞ்சுதுன்னா அது ஒடம்பு. உங்க கடுதாசில விடியக்காலத்த பத்தி ஒண்ணும் இல்ல. எட்டு மாசத்துல கொஞ்சங்கொஞ்சமா கொறைஞ்சுதா, ஒரேடியாவா, அதுவும் சொல்லல. ரெண்டும் கலந்து இருக்கும்னு தான் எனக்கு படுது, ஒடம்புல ஆரம்பிச்சத மனசு வளத்து விட்டுரும்.

ஹார்மோன், அதான் டெஸ்டோஸ்டீரான், எல்லாரும் நெனைக்குத அளவுக்கு அடிக்கடி காரணமா இருக்காது. அது கொறைஞ்சா எழுச்சிய விட ஆசையே மொதல்ல போகும். காலைல பத்து பதினோரு மணிக்குள்ள ரத்தம் எடுக்கணும், கொறைவா வந்தா இன்னொரு நாள் திரும்ப எடுத்து பாக்கணும், ரெண்டு தடவயும் கொறைஞ்சா தான் ஊசிய பத்தியே பேசணும். ஜிம்முக்கு போற பையங்க யாரோ சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டீரான் ஊசி போட்டுட்டு வாறாங்க, வெளிய இருந்து ஊசி போட்டா ஒடம்பு தானா சுரக்குதத நிறுத்திரும், விந்தணுவும் கொறைஞ்சு பூஜ்யத்துக்கே போகலாம், கல்யாணம் ஆகாத பையனுக்கு இது எவ்வளவு பெரிய கேடுன்னு யோசிங்க. தைராய்டு, புரோலாக்டின்னு இன்னொரு ஹார்மோன், ரெண்டும் கூடவே பாத்துக்கிடலாம்.

நரம்புத்தளர்ச்சி. இந்த ஒரு வார்த்தைய வச்சு நம்ம ஊர்ல எத்தன பேர் வீடு கட்டியிருக்கான்னு கணக்கே கிடையாது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை சுவர்ல ஒட்டியிருக்குத நோட்டீஸ்ல இருந்து ராத்திரி டிவி வரைக்கும் இதான். இவங்க சொல்லுத மாதிரி ஒரு வியாதி இன்னிக்கு மருத்துவத்துல கிடையாது தம்பி. "விந்து விட்டவன் நொந்து கெட்டான்"னு சொலவடைய சொல்லி, ஒரு துளி விந்துக்கு நாப்பது துளி ரத்தம்னு கணக்கு சொல்லி பயங்காட்டுதாங்க. விந்து தினமும் ஊறிட்டே இருக்குத ஒரு சுரப்பு, எச்சி மாதிரி, சேத்து வச்சா வட்டி வராது, போனா கடனும் இல்ல. கைப்பழக்கத்தால எழுச்சி நரம்பு போகாது, போச்சோன்னு இருபது வருசம் குத்த உணர்ச்சியில வாழ்ந்தா தான் போகும். 1954லேயே நம்ம நாட்டுல மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம்னு ஒண்ணு வந்துருச்சு, ஆண்மையக் கூட்டித் தாரோம்னு விளம்பரம் பண்ணுததே அதுல குத்தம், ஆனாலும் சுவர்ல நோட்டீஸ் ஒட்டிட்டே தான் இருக்கான்.

அந்த பொடி வேலை செய்யாதான்னு கேட்டா, சில நேரம் நல்லாவே செய்யும், அதான் வயித்தெரிச்சல். ஒருத்தரு, மானூர் பக்கத்துக்காரரு, இப்படி ஒரு லாட்ஜ் பொடிய வாங்கி சாப்பிட்டுட்டு என்கிட்ட வந்து பெருமையா சொன்னாரு. அரை மணில ஒரு மணில முகம் சூடாயி செவந்துருது, மூக்கடைக்குது, லேசா தலவலி, ஆனா காரியம் நடக்குதுன்னு. நான் ஒண்ணுமே சொல்லாம சில்டனாபில் பெட்டிக்குள்ள இருக்குத நோட்டீஸ எடுத்து பக்க விளைவு பகுதிய அவருகிட்ட காட்டினேன். முகம் செவக்கும், மூக்கடைக்கும், தலவலி வரும், வயிறு எரியும். படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. மூலிகைன்னு சொல்லி விக்குத பொடியிலயும் கேப்ஸ்யூல்லயும் சில்டனாபில அளவில்லாம கலந்து விக்குதத உலகம் பூராவும் பிடிச்சுட்டே தான் இருக்காங்க, அமெரிக்க மருந்து துறை வருசாவருசம் எச்சரிக்கை விடுது. இது வெறும் ஏமாத்து மட்டும் இல்ல, நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுத ஒருத்தர் "மூலிகை தானே"ன்னு இத சாப்பிட்டா உசுருக்கே ஆபத்து, அத பின்னாடி சொல்லுதேன். சித்த மருத்துவத்த நான் கொற சொல்லல, அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில்னு அவங்ககிட்ட ஒரு வரிசையே இருக்கு, பாக்கணும்னா இங்கேயே பாளையங்கோட்டைல அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, ஓ.பி. சீட்டு போட்டு படிச்ச டாக்டர பாருங்க. லாட்ஜ் ரூம்ல நாடி பிடிக்கிறவரும் அவங்களும் ஒண்ணு இல்ல. சிட்டுக்குருவி லேகியம்னு விக்கிறவன பத்தி நான் ஒண்ணும் சொல்லல, குருவி பாவம்.

இனி மாத்திரை. சில்டனாபில் 25, 50, 100 எம்ஜியில வருது. பொதுவா 50ல ஆரம்பிப்பாங்க, 65 வயசு தாண்டினவங்களுக்கும் ஈரல் கிட்னி ரொம்ப கெட்டவங்களுக்கும் 25. கூட்டாளி குடுத்த 100அ எடுத்த எடுப்புல போடாதீய, அதுவும் அட்டையில இருந்து கிழிச்ச ஒத்த மாத்திரை, பேரே தெரியல, சில அட்டையில சில்டனாபிலோட டபாக்சிடின் சேந்து வருது, அது சீக்கிரம் விந்து வந்துருதவங்களுக்கான மருந்து, உங்க பிரச்சனையே வேற. காரியத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், வேகம் நாலு மணி நேரம் வரை நிக்கும், ஒருநாளைக்கு ஒண்ணுக்கு மேல கூடாது. முக்கியமா வயிறு. ஞாயித்துக்கெழம மட்டன் பிரியாணி சாப்பிட்டுட்டு மேல ஒரு அல்வாத் துண்டும் போட்டுட்டு மாத்திரைய போட்டா அது ரத்தத்துல ஏற கூட ஒரு மணி நேரம் ஆவும், ஏறுனாலும் கொறைவா தான் ஏறும். எண்ணெய் கொழுப்பு இல்லாத லேசான சாப்பாடு, ரெண்டு இட்லி போதும். ஒரு தடவ போட்டு சரியா வரலன்னு விட்டுராதீய, சரியான முறையில ஆறு எட்டு தடவ போட்டு பாத்துட்டு தான் கேக்கலன்னு சொல்லணும். சுகர் உள்ளவங்களுக்கு மத்தவங்கள விட கொஞ்சம் கம்மியா தான் கேக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிருதேன்.

டடாலாபில் வேற ஜாதி. 2003ல வந்தது. 10 இல்ல 20 எம்ஜி போட்டா 36 மணி நேரம் வரை ஒடம்புல நிக்கும், சாப்பாடு தடை இல்ல. 36 மணி நேரம் விறைப்பா நிக்கும்னு அர்த்தம் இல்ல, அந்த நேரத்துக்குள்ள ஆசை வந்தா மடை தொறக்கும்னு அர்த்தம். இல்லன்னா தினமும் 5 எம்ஜி, அதே நேரத்துக்கு, பிபி மாத்திரை மாதிரி. கடிகாரத்த பாத்து படுக்க வேண்டாம், அதனால பயத்துல எழுச்சி போறவங்களுக்கு இது நல்லா ஒத்துக்கிடும்னு என் அனுபவத்துல பாக்கேன். ப்ராஸ்டேட் வீங்கி ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு போறவங்களுக்கும் இதே 5 எம்ஜிய குடுக்காங்க. முதுகுவலி, தொடைவலி சில பேருக்கு வரும். சில்டனாபில்ல சில பேருக்கு கண்ணுல எல்லாம் நீலம் பூசின மாதிரி தெரியும், தானா போயிரும். ஆனா திடீர்னு ஒரு கண்ணு பார்வையே போச்சுன்னாலோ, விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல இறங்காம நின்னாலோ கூச்சப்படாம நேரா ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிரணும். ரெண்டுமே அபூர்வம் தான், ஆனா காலைல பாத்துக்கிடலாம்னு விட்டுரக் கூடாது.

ஹார்ட்டுக்கு கேடு வருமான்னு கேட்டீய. மாத்திரை தானா இதயத்த அடிக்கிறது இல்ல. நைட்ரேட் மாத்திரையோட சேந்தா அடிக்கும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்குத சார்பிட்ரேட், முழுங்குத ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே, இதுங்க எல்லாம் அதே நைட்ரிக் ஆக்சைட அள்ளி கொட்டுத மருந்து. அங்க மடைய தொறந்து விடுதான், இங்க மூடுதவன் கைய கட்டிப் போட்டாச்சு, ரெண்டும் சேந்தா ஒடம்பு பூராவும் ரத்தக்குழாய் விரிஞ்சு பிபி தரைக்கு இறங்கிரும். மயக்கம், மாரடைப்பு, மரணம். நைட்ரேட் சாப்பிடுதவங்க இந்த மாத்திரைய தொடவே கூடாது, நிகோரண்டில்னு இன்னொரு நெஞ்சுவலி மாத்திரையும் அந்த வரிசை தான். அதே மாதிரி, இந்த மாத்திரைய போட்ட பொறவு நெஞ்சுவலி வந்தா சில்டனாபில்னா 24 மணி நேரம், டடாலாபில்னா 48 மணி நேரம் நைட்ரேட் வைக்கக் கூடாது. அதனால ஆஸ்பத்திரிக்கு போனா மொத வார்த்தையா "இந்த மாத்திரை போட்டிருக்கேன்"னு சொல்லிரணும், மனைவி மக்கள் நின்னாலும் சொல்லணும்.

ஒரு பெரியவரு, 60 வயசு இருக்கும், ரிட்டயர்டு ஆளு, வெள்ள வேட்டி வெள்ள சட்டை. சீட்டு இல்லாம 50 எம்ஜி ரெண்டு கேட்டாரு. சீட்டு வேணும்னேன், கோவப்பட்டாரு, எல்லா கடையிலயும் குடுக்கான் நீ மட்டும் என்ன பெரிய இதுன்னாரு. பர்ஸ எடுக்க சட்டைப் பைக்குள்ள கைய விட்டாரு, பர்ஸோட சேந்து ஒரு சின்ன அட்டை கவுண்டர்ல விழுந்துச்சு. சார்பிட்ரேட் 5 எம்ஜி, ரெண்டு மாத்திரை பிச்சது போக மீதி இருந்துச்சு. "அண்ணாச்சி, இத எப்போ வைப்பீய?"ன்னு கேட்டேன். "படி ஏறினா லேசா நெஞ்சு பிடிக்கும், அப்போ"ன்னாரு. அவர ஸ்டூல்ல உக்கார வச்சு தண்ணி குடுத்து விளக்கினேன். "அப்போ எனக்கு இனி கிடையாதா"ன்னு அவரு கேட்ட கேள்விக்கு எனக்கு அன்னிக்கு சட்டுன்னு பதில் வரல. கிடையாதுன்னு இல்ல, இதய டாக்டர்கிட்ட போய் நைட்ரேட் இல்லாத மருந்துக்கு மாத்த முடியுமான்னு கேக்கலாம், மாத்திரை இல்லாத வேற வழியும் இருக்குன்னு பொறவு சொன்னேன். மறுபடி வந்தாரு, சீட்டோட இல்ல, சும்மா பேச.

ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், பிபிக்கு பிரசோசின் சாப்பிடுதவங்க சொல்லிட்டு தான் போடணும், சேந்தா பிபி இறங்கும், கொறைஞ்ச அளவுல ஆரம்பிப்பாங்க. கிருமிக்கு குடுக்குத கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு குடுக்குத கீட்டோகொனசோல் மாதிரி மருந்து கூட ஓடிச்சுன்னா சில்டனாபில் ரத்தத்துல ஏறிரும். இதயம் தாங்குமான்னு டாக்டர் சோதிக்க கேக்குத கேள்வி சுலபம், ரெண்டு மாடி படிய சரசரன்னு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இல்லாம ஏறிட்டீயன்னா தாம்பத்யத்துக்கு தேவையான அளவு இதயம் தாங்கும்.

அந்த வேற வழி என்னன்னா, மாத்திரை கேக்காதவங்களுக்கும் ஒத்துக்காதவங்களுக்கும் வேக்குவம் பம்பு இருக்கு, காத்த உறிஞ்சி ரத்தத்த இழுத்து அடியில ரப்பர் வளையம் போடுதது, வளையத்த அரை மணி நேரத்துக்குள்ள கழட்டிரணும். நேரா உறுப்புலயே போட்டுக்கிடுத ஊசியும் இருக்கு, ஆல்ப்ரோஸ்டாடில், பாப்பவரின். கேக்கவே கூசும், ஊசி என்னமோ இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசு தான், ஆனா மொத தடவ டாக்டர் முன்னாடி தான் போடணும். இந்த ஊசி வைத்தியத்த 1983ல லாஸ் வேகாஸ்ல டாக்டர்ங்க மாநாட்டுல விளக்கும்போது பிரிண்ட்லின்னு ஒரு இங்கிலாந்து பேராசிரியர் ஓட்டல் ரூம்லயே தனக்கு ஊசி போட்டுட்டு மேடைக்கு வந்து எல்லாருக்கும் கழட்டியே காட்டிட்டாரு, கதை இல்ல, நெசம். கடைசில அறுவை சிகிச்சை பண்ணி உள்ள குழாய் வைக்கிறது, யூராலஜி டாக்டர் பாத்து சொல்லுத விசயம், செலவும் அதிகம்.

மருந்து இல்லாம கெடைக்கிற லாபத்த கொறைச்சு எடை போடாதீய. வாரத்துக்கு 160 நிமிஷம், அதாவது நாலு நாள் 40 நிமிஷம் வேர்க்க வேர்க்க நடந்து ஆறு மாசம் போனா, ரத்தக்குழாய் காரணமா வந்த எழுச்சிக் கொறைவு கண்ணுக்கு தெரிய தேறுதுன்னு ஆய்வுங்க சொல்லுது. தோட்டத்துல தான் நடக்கேனேன்னு சொல்லாதீய, வரப்புல நின்னு நின்னு போறது கணக்குல வராது.

வீட்டுக்காரிகிட்ட பேசினீயளா? எட்டு மாசமா பக்கத்துல படுக்க பயந்து திண்ணைல படுத்தா அந்த தாயி என்ன நெனைக்கும், தன் மேல ஆசை போயிருச்சு, இல்ல வெளிய எவளோ இருக்கான்னு தான் நெனைக்கும். கடைக்கு வந்த எத்தனயோ பேருக்கு இதான் நடந்துருக்கு. "சுகரால வந்துருக்கு, டாக்டர்ட்ட போறேன்"னு ஒரே வரி சொன்னா போதும், கூட வரச் சொல்லி போனா இன்னும் நல்லது. கொஞ்ச நாளைக்கு காரியத்த முடிச்சே ஆகணும்ங்கிற கணக்கில்லாம சும்மா கட்டிப்பிடிச்சு படுங்க, பயம் போறதுக்கு அதுவே பாதி மருந்து.

செய்ய வேண்டியது இதான். காலைல வெறும் வயித்துல போய் சுகர், மூணு மாச சராசரி, கொலஸ்ட்ரால், கிட்னிக்கு கிரியாட்டினின், டெஸ்டோஸ்டீரான் எல்லாத்துக்கும் ஒரே தடவயா ரத்தம் குடுங்க, ஈசிஜி ஒண்ணு எடுங்க, ரிப்போர்ட்டோட சுகர் டாக்டரயே பாருங்க, வெளிப்படையா சொல்லுங்க. சீட்டு எழுதினா ஜெனரிக்கா வாங்குங்க, மக்கள் மருந்தகத்துல ரொம்ப கொறைச்சலா கெடைக்கும்.

அதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரியே உங்க மாத்திரை டப்பாவ திறந்து ஒவ்வொரு அட்டையா திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்குத மருந்து பேர ஒரு தாள்ல எழுதி அனுப்புங்க. "பிபிக்கு ஒரு வெள்ள மாத்திரை"ன்னு எழுதியிருக்கீய, பிபி மாத்திரைல முக்காவாசி வெள்ள தான் தம்பி.